கொள்ளைநோயும் விளையாட்டு வீரரும்

விளையாட்டு வீரர் என்றதும் நம் மனக்கண்முன் எழுவது நோயறியாத உடல். ஓட்டமும் பாய்ச்சலும் உரமும் பொருந்திய அவ்வுடலைக் கண்டு மகிழவே மக்கள் மைதானத்தை நாடிச் செல்கின்றனர். அத்தகைய வீரர் ஒருவரிடம், போட்டி நாளன்று காலையில் ஓர் உத்தியோகத்தர் வந்து, "உம்மிடம் நோய்க்கிருமி இருக்கிறது, நீர் களத்தில் இறங்கலாகாது" என்று சொல்கிறார். வீரருக்குத் தலையிடி இல்லை, காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. பல ஆண்டுப் பயிற்சி பலன் தரவேண்டிய நாள் அது. ஆயினும் அவர் ஓர் அறையிற் புகுந்து, கதவை அடைத்துக்கொண்டு, பத்து நாட்கள் தனித்திருக்க வேண்டும். இது நீதியாகுமா? பலரைக் காக்கும்பொருட்டு ஒருவர் தம் வாழ்நாள் வாய்ப்பை இழக்கலாமா? இழக்கத்தான் வேண்டுமெனின், அவ்விழப்பை உலகம் எந்தப் பெயரால் ஏட்டிற் பதிவது?

இவ்வினா, 2020ஆம் ஆண்டு உலகைச் சூழ்ந்த கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் நாடுதோறும் எழுந்தது. ஆயினும் அது முற்றிலும் புதிய வினா அன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வட அமெரிக்காவின் மேலைக் கரையில் ஒரு பனித்தரை மைதானத்தில் அது எழுந்ததுண்டு. இவ்வரலாற்றை அங்கிருந்து தொடங்குதலே பொருத்தமாகும்.

1919ஆம் ஆண்டு மார்ச் மாதம். முதலாவது உலகப் போர் ஓய்ந்து நான்கு மாதங்களே கழிந்திருந்தன. போரினும் கொடியதாய் இன்புளுவென்சா என்னும் நச்சுக்காய்ச்சல் உலகைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அந்நோய்க்குப் பலியானோர் 5 கோடி வரை இருக்கலாமென ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். முதியோரையும் குழந்தைகளையும் மட்டுமன்றி, உடல் வலிமை மிக்க இளைஞரையும் அது பெருமளவில் வாரிக்கொண்டு போயிற்று. முந்திய ஆண்டின் இலையுதிர் காலத்திலே சியாட்டில் நகரத்தார் பாடசாலைகளையும் நாடக அரங்குகளையும் மூடி வைத்திருந்தனர். பின்னர் நோய் தணிந்துவிட்டதென எண்ணி அவற்றைத் திறந்தனர். பனித்தரை ஹொக்கி ஆட்டத்தின் மிகப் பெரிய பரிசாகிய ஸ்டான்லி கிண்ணத்துக்கான இறுதிப் போட்டி அந்நகரிலேயே நடைபெறுவதாயிற்று. கண்டத்தின் மறு அந்தத்திலிருந்து கனடாவின் மொன்றியல் அணியினர் புகையிரதத்தில் வந்து சேர்ந்தனர்.

ஐந்து ஆட்டங்கள் நடந்தேறின. இரண்டில் மொன்றியலும் இரண்டில் சியாட்டிலும் வென்றன. ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கிண்ணம் யாருக்கென்று தீர்மானிக்கும் ஆட்டம் ஏப்பிரல் முதலாந் திகதிக்குக் குறிக்கப்பட்டது. அதற்கு முன்னரே மொன்றியல் வீரர் பலர் கடுங் காய்ச்சலில் வீழ்ந்துவிட்டனர். அணியின் முகாமையாளரான ஜோர்ஜ் கெனடியும் படுக்கையிற் கிடந்தார். வேறொரு நகரத்து அணியிலிருந்து வீரரைக் கடன் வாங்கி ஆடலாமா என்று மொன்றியலார் கேட்டனர். அதற்கு இணக்கம் கிடைக்கவில்லை. ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில் போட்டி கைவிடப்பட்டது. நான்கு நாட்கள் கழித்து, ஏப்பிரல் 5ஆந் திகதி, மொன்றியல் அணியின் மூத்த வீரரான ஜோ ஹோல், காய்ச்சலைத் தொடர்ந்த நுரையீரல் அழற்சியால் சியாட்டிலிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 37. கெனடியும் முற்றாக நலம் பெறாமலே 1921இல் இறந்தார்.

இந்நிகழ்ச்சியில் இரு செய்திகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. முதலாவது, அன்று பரிசோதனை என்பதே இல்லை. மனிதரைப் பீடிக்கும் இன்புளுவென்சாவின் வைரசை விஞ்ஞானிகள் பிரித்தறிந்தது 1933இலேயே. ஆகவே 1919இல் நோய் யாரிடம் இருக்கிறது என்பதை அவர் விழுந்த பிறகுதான் அறிய முடிந்தது. விழும் வரை அவர் மற்றவருடன் ஒரே புகையிரதப் பெட்டியிற் பயணஞ் செய்தார். ஒரே அறையில் உடை மாற்றினார். ஒரே பனித்தரையிலே தோளோடு தோள் மோதினார்.

இரண்டாவது செய்தி இன்னும் பெரியது. ஆட வீரரின்றித் தவித்த மொன்றியல் அணி, கிண்ணத்தை விட்டுக்கொடுக்க முன்வந்தது. சியாட்டில் அணியின் பயிற்றுநரான பீற் மல்டூன் அதனை ஏற்க மறுத்துவிட்டார். நோய் தந்த வெற்றி வெற்றியாகாது என்பது அவர் கருத்து. அவரை அவ்வாறு செய்யும்படி எந்த விதிநூலும் கட்டளையிடவில்லை. இன்றும் அக்கிண்ணத்தில் 1919ஆம் ஆண்டுக்கு நேரே இரு அணிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டு, அவற்றின் கீழ்ப் போட்டித்தொடர் நிறைவுறவில்லை என்னும் குறிப்பும் காணப்படுகின்றது. தோற்றவர் என்ற சொல் அங்கே இல்லை.

நூற்றொரு ஆண்டுகள் கழிந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. அதே நாளிரவு அமெரிக்காவில் கூடைப்பந்தாட்ட வீரர் ஒருவருக்கு நோய் இருப்பது பரிசோதனையில் வெளிப்பட்டது. ஆட்டம் தொடங்கும் தறுவாயில் மக்கள் அரங்கிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். அந்நாட்டின் தேசியக் கூடைப்பந்தாட்டத் தொடர் முழுவதும் நிறுத்தப்பட்டது. இரு நாட்கள் கழித்து, மார்ச் 13இல், கொழும்பு சரா ஓவல் மைதானத்தில் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியினர், ஆட்டத்தை இடையிலே விட்டுத் தாயகம் திரும்பினர். மார்ச் 24இல் தோக்கியோ ஒலிம்பிக் விழா ஓராண்டு பின்போடப்பட்டது.

நிறுத்துவது எளிது, மீண்டும் தொடங்குவதே அரிது. புதிய நோயின் இயல்பு அவ்வாறிருந்தது. அது பற்றியவரிடம் அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்னரே பிறருக்குத் தொற்றவல்லது. சிலரிடம் அறிகுறி தோன்றாமலே தொற்றும். ஆகவே நோயாளரைக் கண்ணாற் கண்டு விலக்கும் பழைய முறை பயன் தரவில்லை. காணாததைக் காட்டும் கண்ணாடியாகப் பரிசோதனை அமைந்தது.

அப்பரிசோதனை இருவகைப்பட்டது. ஒன்று, கிருமியின் புரதத்தை உமிழ்நீரிலோ மூக்கு நீரிலோ தேடும் விரைவுச் சோதனை. சிறிது நேரத்தில் விடை தரும். ஆயினும் சிற்சில வேளைகளில் தவறும். மற்றையது பி.சி.ஆர். எனப்படும் நுண்ணிய சோதனை. இதில் கிருமியின் மரபுப்பொருள் சுற்றுச்சுற்றாகப் பெருக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது ஏறத்தாழ இருமடங்காகும். சில சுற்றுகளிலேயே கிருமி தெரியுமாயின் உடலில் அது மிகுதியாக உள்ளதென்றும், பல சுற்றுகளுக்குப் பிறகே தெரியுமாயின் மிகச் சொற்பமே உள்ளதென்றும் கொள்வர். எத்தனையாவது சுற்றுவரை கணக்கிற் கொள்வது என்னும் எல்லைக்கோட்டை வரைபவர் மனிதரே. அக்கோடு ஒரு வீரரின் வாழ்வையே மாற்றவல்லது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பரிசோதனையோடு தனிமைப்படுத்தலும் சேர்ந்து "குமிழி" என்னும் புதிய ஏற்பாடு உருவாயிற்று. வீரர், பயிற்றுநர், நடுவர், சமையலாளர் ஆகிய அனைவரும் வெளியுலகோடு தொடர்பின்றி ஓரிடத்தில் அடைந்திருத்தலே குமிழி. 2020 யூலை 8ஆந் திகதி இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும் பார்வையாளர் இல்லாத மைதானத்தில் மோதியபோது, மாதக்கணக்காக ஓய்ந்திருந்த சர்வதேசக் கிரிக்கெட் மீண்டும் உயிர்பெற்றது. மைதானத்தோடு இணைந்த விடுதியிலே வீரர் தங்கினர். அங்கிருந்தே களத்துக்கு நடந்து வந்தனர். அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக்காரர் 22 அணிகளை ஒர்லாண்டோ நகருக்கு அண்மையில் ஒரே வளாகத்துக்குட் கொணர்ந்து ஒக்டோபர் மாதம் வரை வைத்திருந்தனர். நாள்தோறும் சோதனை நடந்தது. அவ்வளாகத்துள் விளையாடிக்கொண்டிருந்த வீரர் எவரையும் நோய் அணுகவில்லை.

குமிழி மெல்லியது, சிறு ஊசிமுனையும் அதனை உடைக்கும். சவுதாம்ப்டன் ஆட்டம் முடிந்து மான்செஸ்டருக்குச் செல்லும் வழியில், இங்கிலாந்தின் வேகப் பந்துவீச்சாளர் ஜொவ்ரா ஆர்ச்சர் விதியை மீறித் தம் வீட்டுக்குச் சென்றுவந்தார். அடுத்த ஆட்டத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. ஐந்து நாட்கள் அறையில் அடைபட்டிருந்து, இரு சோதனைகளிலும் கிருமி இல்லையெனத் தெரிந்த பின்னரே அவர் அணியினரோடு சேர்ந்தார். வீட்டைக் காண விழைவது குற்றமா என்று கேட்பார் இருக்கலாம். அக்காலத்தில் ஒருவருடைய வீட்டுக்கும் மற்றெல்லாருடைய உயிருக்கும் இடையில் ஒரு கதவே இருந்தது.

இலங்கையும் இவ்விதிகளின் உறுதியையும் உறுத்தலையும் நேரிலே கண்டது. 2020 செப்டெம்பரில் பங்களாதேஷ் அணி இங்கு வருவதாயிருந்தது. வந்திறங்குவோர் 14 நாட்கள் தனித்திருக்க வேண்டுமென நம் நாட்டின் சுகாதாரப் பகுதியினர் வற்புறுத்தினர். அத்தனை நாட்கள் பயிற்சியின்றி அறையில் இருந்தபின் டெஸ்ட் ஆட்டம் ஆடுவது இயலாதென விருந்தினர் கருதினர். சுற்றுப்பயணம் பின்போடப்பட்டு, 2021 ஏப்பிரலிலேயே நடைபெற்றது. இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுதல் கடினம். வைத்தியர் நாட்டைப் பார்த்தார். விளையாட்டுச் சபையினர் வீரரின் தசைநார்களைப் பார்த்தனர். இருவர் பார்வையும் பிழையன்று.

2021 ஜனவரியில் இங்கிலாந்து அணி அம்பாந்தோட்டையில் வந்திறங்கியபோது, மொயின் அலி என்னும் சகலதுறை ஆட்டக்காரருக்கு நோய் இருப்பது விமான நிலையச் சோதனையிலே தெரிந்தது. அவர் அணியிலிருந்து பிரிக்கப்பட்டுக் காலியில் ஒரு விடுதியிலே தனிமைப்படுத்தப்பட்டார். அவரோடு நெருங்கியிருந்த கிறிஸ் வோக்ஸ் என்பவரும் தனித்திருக்க நேர்ந்தது. காலிக் கோட்டையின் நிழலில் நடந்த இரு டெஸ்ட் ஆட்டங்களிலும் மொயின் அலி விளையாடவில்லை. அவ்வாண்டு யூன் மாதத்தில் இங்கிலாந்து சென்றிருந்த இலங்கை வீரர் மூவர், தங்கியிருந்த டர்ஹம் நகரில் இரவு வேளையிற் குமிழியைவிட்டு வெளியேறியமை வெளிப்பட்டது. அவர்கள் உடனே திருப்பி அழைக்கப்பட்டனர். சர்வதேச ஆட்டங்களில் ஓராண்டுத் தடையும் ஒரு கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் அத்தடை தளர்த்தப்பட்டது.

அடுத்த மாதமே விதியின் மறுபக்கம் புலனாயிற்று. கொழும்பில் இலங்கையும் இந்தியாவும் ஆடவிருந்த தொடர், இலங்கை அணியின் துடுப்பாட்டப் பயிற்றுநருக்கு நோய் கண்டதனால் யூலை 13இலிருந்து 18க்கு மாற்றப்பட்டது. பின்னர் யூலை 27இல் இந்திய வீரர் குருணால் பாண்டியாவுக்கு நோய் கண்டது. அவரோடு நெருங்கியிருந்த எண்மர் ஒதுக்கப்பட்டனர். ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாள் இந்தியா நான்கு புதுமுகங்களைக் களத்தில் இறக்கியது. இலங்கை அவ்வாட்டத்திலும் அதற்கடுத்ததிலும் வென்று, தொடரை இரண்டுக்கு ஒன்று எனக் கைப்பற்றியது. வெற்றி வெற்றியே, அதனைக் குறைத்துப் பேசுதல் முறையன்று. ஆயினும் 1919இல் மல்டூன் எதிர்கொண்ட வினாவின் சாயல் அவ்வெற்றியின் மீதும் சிறிது படிந்திருந்தது. இம்முறை அவ்வினாவுக்கு விடை கூறும் பொறுப்பு வென்றவரின் மனச்சாட்சியைச் சாரவில்லை. முன்கூட்டியே வகுக்கப்பட்ட விதி அதனை ஏற்றுக்கொண்டது. எதிரணியில் எத்தனை பேர் விலகினாலும் பதினொருவர் இருந்தால் ஆட்டம் நடக்கும்; நடந்த ஆட்டத்தின் பெறுபேறு நிலைக்கும்.

அதே யூலை மாதம் 23ஆந் திகதி, யப்பானின் தோக்கியோ நகரில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. பரிசோதனை விதிகளும் தனிமைப்படுத்தல் விதிகளும் அத்துணை விரிவாக ஒரு விளையாட்டு விழாவுக்கு அதற்குமுன் எழுதப்பட்டதில்லை. வீரர் தம் நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முந்திய 96 மணி நேரத்துள், வெவ்வேறு இரு நாட்களிற் சோதனை செய்தல் வேண்டும். தோக்கியோ விமான நிலையத்தில் இறங்கியதும் மற்றொரு சோதனை. வீரர் கிராமத்தில் நாள்தோறும் உமிழ்நீர்ச் சோதனை. அதில் ஐயம் எழின் பி.சி.ஆர். சோதனை. தம் போட்டிக்கு ஐந்து நாட்களுக்கு முன்னதாக வரலாகாது. போட்டி முடிந்து 48 மணி நேரத்துள் கிராமத்தைவிட்டு நீங்க வேண்டும். பொது வாகனங்களில் ஏறலாகாது, கை குலுக்கலாகாது, தழுவலாகாது. பதக்கங்களும் ஒரு தட்டத்தில் ஏந்தி நீட்டப்பட்டன; வென்றவர் தாமே எடுத்துத் தம் கழுத்தில் அணிந்துகொண்டார். தோக்கியோ மைதானங்களில் பார்வையாளர் எவரும் இல்லை.

இவற்றுள் ஒரு விதி நுட்பமானது. நோயாளரோடு நெருங்கியிருந்தவர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் போட்டியை இழக்க வேண்டியதில்லை. நாள்தோறும் பி.சி.ஆர். சோதனைக்கு உட்பட்டுத் தனித்துண்டு, தனித்துறங்கி, போட்டிக்கு முந்திய ஆறு மணி நேரத்துட் செய்யும் சோதனையில் கிருமி இல்லையெனத் தெரிந்தால் அவர் ஆடலாம். விழா தொடங்குமுன்னரே தென்னாபிரிக்க உதைபந்தாட்ட அணியில் இரு வீரருக்கும் ஓர் அலுவலருக்கும் நோய் கண்டது. மற்ற வீரருட் பெரும்பாலோர் நெருங்கியிருந்தவராயினர். 1919இன் முறையாயின் ஆட்டம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் யூலை 22இல் அவ்வணி யப்பானோடு ஆடியது. ஒன்றுக்குப் பூச்சியம் எனத் தோற்றது. என்றாலும் களத்திலே ஆடித் தோற்றது. ஐயம் ஒருவரை விலக்குவதற்குப் போதிய காரணம் ஆகாது, அறிவே வேண்டும் என்பதை அவ்விதி நிலைநாட்டியது.

நோய் உறுதியானவர்க்கோ சலுகை இல்லை. செக் நாட்டுக் கடற்கரைக் கரப்பந்தாட்ட வீராங்கனை ஒருவருக்கு நோய் கண்டதும் அவருடைய தோழியும் சேர்ந்து விலக நேர்ந்தது. எதிர்த்து ஆடவிருந்த யப்பானிய இணைக்கு ஆடாமலே வெற்றி கிட்டியது. கிரேக்க நாட்டின் கலைநீச்சல் அணியில் ஐவருக்கு நோய் கண்டதனால் அணி முழுவதும் விலகியது. இருமுறை உலகச் சம்பியனான அமெரிக்கக் கோலூன்றிப் பாய்பவர் சாம் கென்ட்ரிக்ஸ், களத்தைக் காணாமலே வெளியேறினார். இலக்குச் சுடுதலில் உலகின் முதலிடத்தில் இருந்த பிரித்தானிய வீராங்கனை அம்பர் ஹில், தாய்நாட்டை விட்டுப் புறப்படுமுன்னரே தடுத்து நிறுத்தப்பட்டார். ஒல்லாந்து நாட்டின் இளம் படகோட்டி வின் வுளோரைன், ஒற்றையர் படகோட்டத்தின் முதற் சுற்றில் ஓட்டினார். அடுத்த சுற்றுக்கு முன் வந்த சோதனை முடிவு அவரை அறைக்கு அனுப்பியது.

அவ்வறைகளின் நிலையும் வரலாற்றிற் குறிக்கத்தக்கது. ஒல்லாந்தின் சறுக்குப்பலகை வீராங்கனை கண்டி ஜேக்கப்ஸ் அடைக்கப்பட்ட விடுதியில் சன்னல்களைத் திறக்க முடியாது. நாட்கள் சென்றபின், அவர் பல மணி நேரம் இருந்த இடத்தைவிட்டு அசையாது நின்று ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைத்தார். வெளிக்காற்று வேண்டும் என்பதே அது. ஈற்றில், காவலர் உடனிருக்க, திறந்த சன்னல் ஒன்றின் அருகே 15 நிமிடங்கள் நிற்க அவருக்கு இடமளித்தனர். சறுக்குப்பலகை ஒலிம்பிக்கில் இடம்பெற்ற முதலாவது ஆண்டு அது. தம் ஆட்டத்தின் பிறந்தநாளை அவர் மூடிய அறையிலே கழித்தார். நோயைத் தடுத்தற்கு வேண்டுவது தனிமை, தண்டனை அன்று. விதியை நடைமுறைப்படுத்துவோர் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறக்கும்போது நல்ல விதியும் கொடிதாகிவிடும்.

எனினும் தோக்கியோ விதிநூலில் மல்டூனின் பெருந்தன்மைக்கு ஈடான ஓரிடம் உண்டு. விழா தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர், ஒவ்வொரு விளையாட்டுக்குமான தனிவிதிகள் வெளியிடப்பட்டன. அவற்றின் அடிப்படைக் கொள்கை இது: கொரோனா நோய் காரணமாக விலகும் எவரையும் தகுதி நீக்கப்பட்டவர் என்று எழுதலாகாது. போட்டியைத் தொடங்காதவர் என்றே எழுத வேண்டும். அதுவரை அவர் அடைந்த நிலையும் பேணப்படும்; இறுதிப் போட்டிக்கு வந்துவிட்ட ஒருவர் நோயால் விலக நேர்ந்தால், அந்நிலைக்குரிய பெறுபேறு அவரைச் சேரும். அவர் விட்ட இடம், இயன்ற இடங்களில், அடுத்த தகுதியுடையவருக்குக் கிடைக்கும்.

தகுதி நீக்கம் என்பதற்கும் தொடங்காமை என்பதற்கும் பயன் ஒன்றே அன்றோ, இரண்டிலும் பதக்கம் இல்லையே என்று சிலர் எண்ணக்கூடும். அஃது அவ்வாறன்று. தகுதி நீக்கம் என்பது ஊக்கமருந்து உண்டவருக்கும் விதியை மீறியவருக்கும் உரிய சொல். அச்சொல்லை நோயுற்றவர்மீது சுமத்தினால், நோயே குற்றம் என்று ஆகிவிடும். நோய் குற்றமாகுமிடத்தில் மனிதர் அதனை மறைக்கத் தலைப்படுவர். மறைக்கப்பட்ட நோயே கொள்ளைநோயாகும். தொழுநோய்க்கும் அம்மைக்கும் அஞ்சி ஒளித்து வாழ்ந்த மக்களின் பழைய வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று. ஆகவே அந்த ஒரு சொல்லின் தேர்வு வெறும் இரக்கம் மட்டுமன்று. நோய்த்தடுப்பின் ஓர் அங்கமுமாகும்.

2022 பெப்ரவரியில் சீனாவின் பீஜிங் நகரில் பனிக்கால ஒலிம்பிக் விழா நடந்தபோது விதிகள் மேலும் இறுகின. விழாவோடு தொடர்புடையோர் அனைவரும் நகரத்து மக்களோடு கலவாத மூடிய வட்டத்துள் வைக்கப்பட்டனர். நாள்தோறும் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பி.சி.ஆர். சோதனை நடத்தினர். பி.சி.ஆரின் எல்லைக்கோடு வீரரின் வாழ்வை மாற்றவல்லது என்று மேலே கூறியதன் பொருள் இங்கே விளங்கும். முன்பே நோயுற்றுக் குணமான வீரர் பலரின் உடலில் கிருமியின் எச்சம் சொற்பமாக இருந்தது. நாற்பது சுற்று எல்லையின்படி அவர்களும் நோயாளரே. விழாவுக்குச் சில நாட்கள் இருக்கையில் அவ்வெல்லை 35 சுற்றாகக் குறைக்கப்பட்டது. ஐந்து சுற்று என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றும். ஒவ்வொன்றும் இரட்டிப்பாதலின் அது 32 மடங்கு வேறுபாடாகும். அந்த ஒரு மாற்றத்தினால் களத்தின் வாயில் பலருக்குத் திறந்தது.

அங்கேயும் துயரம் இல்லாமற் போகவில்லை. பெல்ஜியத்தின் பனிச்சறுக்கு வண்டி வீராங்கனை கிம் மெய்லெமன்ஸ், வந்திறங்கியபோது செய்த சோதனையில் நோய் காட்டியதால் தனிமையில் வைக்கப்பட்டார். நாட்கள் கழிந்து, இனி வீரர் கிராமத்துக்குச் செல்கிறோம் என்று நம்பி வண்டியில் ஏறினார். வண்டி அவரை மற்றொரு தனிமை விடுதியின் வாயிலில் இறக்கியது. அவர் கண்ணீரோடு பேசிய பேச்சை உலகம் கேட்டது. அன்றிரவே அவர் வீரர் கிராமத்துத் தனியறைக்கு மாற்றப்பட்டார். பின்னர்ப் போட்டியிலும் கலந்துகொண்டார். அவரை வருத்தியது அடைப்பு மட்டுமன்று. எங்கே செல்கிறோம் என்று யாரும் சொல்லாமையே. விதி கடினமாயிருப்பினும் மனிதர் தாங்குவர், விளங்காதிருப்பின் தாங்கார்.

அதன்பின் விதிகள் தளர்ந்தன. தடுப்பூசியும், நோயுற்றுத் தேறியதால் வந்த எதிர்ப்புச் சக்தியும் நோயின் கடுமையைத் தணித்தன. 2022 ஓகஸ்ட் 7ஆந் திகதி, பர்மிங்காம் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவின் பெண்கள் கிரிக்கெட் இறுதியாட்டத்தில், நோய் உறுதியான அவுஸ்திரேலிய வீராங்கனை தாலியா மக்ராத் முகக்கவசத்தோடு தனியே அமர்ந்திருந்து, பின்னர்க் களத்தில் இறங்கி ஆடினார். 2023 மே 5இல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீற்றர் ஓட்டத்திற் பொன் வென்ற அமெரிக்கர் நோவா லைல்ஸ், நோயுற்ற நிலையில் 200 மீற்றர் இறுதியோட்டம் ஓடி வெண்கலம் பெற்றார். ஓட்ட முடிவில் நிலத்திற் சாய்ந்து, சக்கர நாற்காலியிலே கொண்டுசெல்லப்பட்டார். அவரைத் தடுக்க அங்கே விதி எதுவும் இருக்கவில்லை. தோக்கியோவில் அறைக்கதவை அடைத்த அதே நோய், மூன்று ஆண்டுகளில் வீரரின் சொந்தத் தீர்மானத்துக்கு விடப்பட்டது.

அவ்வாறாயின் தோக்கியோவில் அடைக்கப்பட்டோர் வீணே அடைக்கப்பட்டனரா? இல்லை. 2021 யூலையில் உலக மக்களுட் பெரும்பாலோருக்குத் தடுப்பூசி எட்டியிருக்கவில்லை. தோக்கியோ நகரின் வைத்தியசாலைகள் நிறைந்துகொண்டிருந்தன. 2024இன் உலகம் வேறு. விதி காலத்தோடு பொருந்த வேண்டுமே தவிர, பிற்காலத்து அறிவைக்கொண்டு முற்காலத்து எச்சரிக்கையைப் பழித்தல் ஆகாது. அணை கட்டியதால் வெள்ளம் வரவில்லை என்பதை மறந்து, வெள்ளமே வராத ஊருக்கு அணை எதற்கு என்று கேட்பது போன்றதே அது.

ஆயினும் அணையின் கல்லாக நின்றவர்களுக்கு உலகம் கடன்பட்டுள்ளது. பலரின் நலத்துக்காக ஒருவர் ஒதுங்கும்போது அவருக்குத் தெளிவான விளக்கம் தரப்பட வேண்டும். காற்றும் வெளிச்சமும் உள்ள இடம் தரப்பட வேண்டும். குற்றமற்றவர் என்னும் பெயர் காக்கப்பட வேண்டும். நோய்த்தடுப்பு விதி எத்துணைக் கடுமையானது என்பதைக்கொண்டு அதனை மதிப்பிடுதல் போதாது. அவ்விதியால் இழந்தவரை அது எவ்வாறு நடத்துகிறது என்பதே மெய்யான உரைகல்.

தோக்கியோவில் ஒரு சுற்றோடு அறைக்குச் சென்ற ஒல்லாந்துப் படகோட்டி வின் வுளோரைன், மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் நால்வர் படகோட்டத்தில் தம் தோழர் மூவரோடு துடுப்புப் பிடித்துப் பொன் வென்றார். அத்தகைய மறுவாய்ப்பு எல்லார்க்கும் வாய்க்கவில்லை. வாய்க்காதோருக்கு எஞ்சியிருப்பது ஏட்டிலுள்ள அந்தச் சொல்லே. சியாட்டில் பனித்தரையில் ஒரு பயிற்றுநரின் நெஞ்சில் இருந்த நேர்மை, நூறு ஆண்டுகளில் ஒரு விதிநூலின் வரியாக மாறியது. அவர் தோற்கவில்லை, தவறு செய்யவில்லை, அன்றைக்குத் தொடங்கவில்லை, அவ்வளவே. இன்னொரு கொள்ளைநோய் என்றேனும் வருமாயின், மைதானங்களுக்கு மட்டுமன்றிப் பாடசாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் விதி எழுதுவோர் இந்த வரியை மறவாதிருத்தல் வேண்டும்.